பாஞ்சோவும் தோட்டத்தில் பிறந்ததுதான்

சென்ற வாரம் நமக்கு வந்த கடிதங்களில் ஒன்று நம்மை இரண்டு நாள் யோசிக்க வைத்துவிட்டது. பேராவில் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பேரும் தோட்டமும் வெளியில் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்படியே ஆகட்டும்.

விஷயம் இதுதான். அவருடைய மூத்த மகனுக்குப் பதினெட்டு வயது. ஐந்தாம் படிவம் முடித்துவிட்டுத் தோட்டத்திலேயே வேலைக்குப் போகிறான். கைப்பேசியில் எதையோ பார்த்துவிட்டு, "எனக்குப் பாஞ்சோ கத்துக்கணும்மா" என்று ஆறு மாதமாக நச்சரிக்கிறான். பட்டணத்தில் கித்தார் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவருக்குப் பாஞ்சோவும் தெரியுமாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், வேறு பிள்ளைகள் இல்லாமல் இவனை மட்டும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன் என்கிறாராம். பையன் தன் சம்பளத்திலேயே கட்டிக்கொள்கிறேன் என்கிறான். தகப்பனார்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"அது வெள்ளைக்காரன் வாத்தியம்டா. தோட்டத்துப் புள்ளைக்கு அது எதுக்கு? நாலு பேரு பார்த்துச் சிரிக்கவா?"

அவர் சொன்ன வார்த்தையை அந்த அம்மா அப்படியே எழுதியிருக்கிறார். கடிதத்தின் கடைசியில் இன்னும் ஒன்று: "ஐயா, எங்க மாமனாரு அந்தக் காலத்துல கோயில் திருநாளுக்கு உறுமி வாசிச்சவரு. இவரு அதைத் தொடவே இல்ல. ஏன்னு கேட்டா பேச மாட்டேங்கிறாரு."

பையனை அனுப்பலாமா கூடாதா என்பது வீட்டு விஷயம். கையில் இருக்கிற வெள்ளியைப் பொறுத்தது. அதில் நாம் தலையிட முடியாது. ஆனால் 'வெள்ளைக்காரன் வாத்தியம்' என்றாரே, அதை அப்படியே விட்டுவிட நமக்கு மனம் வரவில்லை. அது உண்மை இல்லை, தோழர்களே. உலகத்தில் தோட்டத் தொழிலாளி கையில் பிறந்த வாத்தியம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், நாம் பாஞ்சோவைத்தான் காட்டுவோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பாஞ்சோ என்றதும் சிலர் புல்புல் தாராவை நினைத்துக்கொள்வார்கள். வட இந்தியாவில் அதையும் பாஞ்சோ என்று சொல்லும் பழக்கம் உண்டு. நீளப் பெட்டி, மேலே தட்டச்சு இயந்திரம் மாதிரி பொத்தான்கள், ஒரு கையால் பொத்தானை அமுக்கி மறு கையால் கம்பியை மீட்டுவது. அது 1912இல் ஜப்பானில் நகோயா நகரத்தில் உருவாகிய வாத்தியத்தின் வம்சம். பையன் கேட்கிற பாஞ்சோ வேறு. ஒரு தப்பை எடுத்து அதற்கு நீளமாகக் கழுத்து வைத்து, தோலின் மேலே கம்பி இழுத்துக் கட்டினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். வட்டமான வளையம், அதன் மேல் இழுத்துக் கட்டிய தோல், ஐந்து கம்பி. ஐந்தில் ஒன்று மட்டும் குட்டை. அது கழுத்தின் பாதியிலேயே ஆரம்பிக்கும். அந்தக் குட்டைக் கம்பியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

இது எங்கே பிறந்தது? மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஆண், பெண், பிள்ளைகளைப் பிடித்து, கப்பலில் அடைத்து, கரீபியன் தீவுகளுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுபோய் விற்றார்கள். கரும்பு, நெல், புகையிலை, பருத்தித் தோட்டங்களில் வேலை வாங்கினார்கள். கொண்டு வந்தவர்களுக்குக் கையில் ஒரு சாமானும் இல்லை. ஆனால் ஊரில் எந்த வாத்தியத்தை எப்படிச் செய்வார்கள் என்பது மனசில் இருந்தது. வந்த இடத்தில் சுரைக்குடுக்கை கிடைத்தது, ஆட்டுத்தோல் கிடைத்தது, மரத்துண்டு கிடைத்தது. இரவில் தங்கள் குடிசை வாசலில் உட்கார்ந்து செய்துகொண்டார்கள். பல இனத்து மக்கள் ஒரே தோட்டத்தில் சேர்ந்து கிடந்ததால், பல ஊர் வாத்தியங்களின் சாயலும் அதில் சேர்ந்தது.

இதற்கு எழுத்திலும் படத்திலும் சாட்சி இருக்கிறது. ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் 1687 முதல் 1689 வரை ஜமைக்காவில் இருந்தார். அங்கே அடிமைகள் வாசித்த சுரைக்குடுக்கை வாத்தியங்களைப் பார்த்து, 1707இல் வந்த தம் புத்தகத்தில் படமாகவே போட்டார். தென் கரோலினாவில் ஜான் ரோஸ் என்ற அடிமை முதலாளி ஏறக்குறைய 1785க்கும் 1790க்கும் இடையில் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது. தோட்டத்துக் குடிசைகளுக்கு முன்னால் கறுப்பின மக்கள் ஆடுகிறார்கள். ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்து சுரைக்குடுக்கை பாஞ்சோ வாசிக்கிறார். அந்தக் குட்டைக் கம்பியும் அதில் தெரிகிறது. வரைந்த முதலாளியின் பேர் நமக்குத் தெரிகிறது. வாசித்தவர் பேர் தெரியவில்லை. தோட்டத்துச் சரித்திரம் எங்கேயும் இப்படித்தான் போலிருக்கிறது.

அதே தென் கரோலினாவில் 1739இல் அடிமைகள் ஆயுதம் எடுத்துக் கிளம்பினார்கள். மறு வருஷமே சட்டம் போட்டார்கள்: அடிமைகள் பறை வைத்திருக்கக்கூடாது, கொம்பு ஊதக்கூடாது. மேளச் சத்தத்தில் சேதி அனுப்பிவிடுவார்களாம், முதலாளிமார்களுக்கு அவ்வளவு பயம்.

இங்கே நம்மவர்களைத் தொடுகிற ஒரு சங்கதியையும் சொல்லிவிடுகிறோம். பிரெஞ்சுக்காரரான விக்டர் ஷோல்ஷேர் 1841இல் ஹைத்தித் தீவுக்குப் போய்வந்தபோது சுரைக்குடுக்கை பாஞ்சோ ஒன்றைக் கொண்டுவந்தார். 'பான்சா' என்பது அங்கே அதன் பேர். இன்றைக்கும் அது பாரிஸ் இசைக் காட்சியகத்தில் இருக்கிறது. இதே ஷோல்ஷேர்தான் 1848இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்த ஆணைக்குப் பின்னால் நின்றவர். அடிமைகள் விடுதலை ஆனார்கள். கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே? 1853இல் மார்த்தினிக் தீவிலும் 1854இல் குவாதலூப் தீவிலும் கப்பல் கப்பலாக வந்து இறங்கியவர்கள் யார் தெரியுமா? ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து ஏற்றப்பட்டவர்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். நம் முன்னோரில் ஒரு பகுதியினர் ரப்பருக்கு முன்னாலேயே செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தார்களே, ஏறத்தாழ அதே காலம். அடிமையும் ஒப்பந்தக் கூலியும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. சந்தையில் விற்கப்பட்டவன் பட்ட பாடு வேறு. ஆனால் பாஞ்சோக்காரன் வெட்டிய அதே கரும்பை அவனுக்குப் பின்னால் வெட்டினவன் நம் ஆள். இதையும் அந்தத் தகப்பனார் தெரிந்துகொள்ளட்டும்.

அப்படியானால் வெள்ளைக்காரன் கைக்கு அது எப்படிப் போனது? வர்ஜீனியாவில் ஜோயல் ஸ்வீனி என்றொருவர், 1810வாக்கில் பிறந்தவர். அக்கம்பக்கத்துக் கறுப்பின மக்களிடம் பாஞ்சோ கற்றுக்கொண்டார் என்பார்கள். முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு மேடையில் ஏறி வாசித்தார். 1843இல் நியூயார்க்கில் நான்கு வெள்ளைக்காரர்கள் சேர்ந்து இதையே முழுநேரக் கூத்தாக நடத்தினார்கள். முகத்தில் கரி, கிழிந்த உடை, கொச்சைப் பேச்சு. தோட்டத்துக் கறுப்பனைக் கோமாளியாகக் காட்டிக் காசு பார்த்தார்கள். கூட்டம் அள்ளிக்கொண்டு போனது. பால்டிமோரில் வில்லியம் பௌச்சர் என்ற மேளம் செய்பவர் 1840களிலேயே மரவளையம் வைத்த பாஞ்சோக்களைச் செய்து விற்றார். 1855இல் பாஞ்சோ படிக்கப் பாடப்புத்தகமும் வந்தது. அதில் சொல்லிக்கொடுத்திருக்கும் கைவீச்சு தோட்டத்துக் கறுப்பின மக்களுடையது.

இந்தக் கேலிக்கூத்து எழுபது எண்பது வருஷம் நடந்தது. தன்னைக் கோமாளியாக்கக் கையில் பிடித்த வாத்தியத்தைத் தன் பிள்ளை கையில் கொடுக்க யாருக்கு மனம் வரும்? 1865இல் அடிமைத்தனம் ஒழிந்த பிறகு, பட்டணத்துக்குப் போன கறுப்பின மக்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பாஞ்சோவைக் கீழே வைத்தார்கள். கித்தாரை எடுத்தார்கள். 1920களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் வந்து, கறுப்பருக்கு ஒரு வரிசைத் தட்டு, மலைநாட்டு வெள்ளையருக்கு ஒரு வரிசைத் தட்டு என்று பிரித்துப் போட்டபோது, பாஞ்சோ வெள்ளையர் பக்கம் சேர்ந்துவிட்டது. கடைசியில் கறுப்பினப் பிள்ளைகளே 'அது வெள்ளைக்காரன் வாத்தியம்' என்று சொல்லும் காலம் வந்தது.

பேராவில் நம் தகப்பனார் சொன்னதும் அதேதானே? இதைப் படித்தபோது நமக்கே கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டது.

ஆப்பிரிக்காவில் காம்பியா, செனகல் நாடுகளில் ஜோலா என்று ஒரு மக்கள். நெல் விவசாயிகள். பகலெல்லாம் வயலில் பாடுபட்டுவிட்டு, சாயங்காலம் பனங்கள்ளை வைத்துக்கொண்டு உட்கார்ந்து 'அகொன்டிங்' வாசிப்பார்கள். சுரைக்குடுக்கை, ஆட்டுத்தோல், நீளத் தண்டில் கழுத்து, மூன்று கம்பி, அதில் ஒன்று குட்டை. டேனியல் ஜாட்டா என்ற ஜோலா வாலிபர் 1970களில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். அங்கே பாஞ்சோவைக் கேட்டதும் அவருக்குத் தம் தகப்பனார் வாசித்த அகொன்டிங் ஞாபகம் வந்துவிட்டது. ஊருக்குத் திரும்பி வந்து, தகப்பனாரிடமும் உறவுக்காரர் ஒருவரிடமும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். 2000இல் அமெரிக்காவில் பாஞ்சோ சேகரிப்பவர்கள் கூடின இடத்தில் அதை வாசித்துக் காட்டினார். ஆட்காட்டி விரல் நகத்தால் கம்பியை மேலிருந்து கீழே அடிப்பது, உடனே கட்டைவிரலால் குட்டைக் கம்பியைத் தட்டுவது. 1855ஆம் வருஷத்துப் புத்தகத்தில் இருந்த அதே கை! அகொன்டிங் ஒன்றுதான் பாஞ்சோவுக்குத் தாய் என்று ஆராய்ச்சிக்காரர்கள் அடித்துச் சொல்வதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் இந்த ஜாதி வாத்தியங்கள் பல உண்டு. நெருங்கிய ரத்த சம்பந்தம் என்பதில் சந்தேகம் இல்லை.

யோசித்துப் பாருங்கள். அந்தக் கைவீச்சு புத்தகத்தில் வருவதற்கு முன் இருநூறு வருஷம் எப்படிப் பிழைத்தது? படிக்கத் தெரிந்தாலே தண்டனை என்ற இடத்தில் யார் எழுதி வைப்பார்கள்? ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, கையைப் பார்த்துக் கையால் கற்றது. ஆளுக்கு ஆள். அவ்வளவுதான் பள்ளிக்கூடம்.

இந்தச் சங்கிலி அறுந்துபோகப் பார்த்த கதை ஒன்று உண்டு. அந்த அம்மாவின் கடிதத்துக்கு நம் பதில் அதில்தான் இருக்கிறது.

வட கரோலினாவில் மேபன் என்ற சின்ன ஊர். அங்கே ஜோ தாம்ப்சன் என்று ஒரு பெரியவர். 1918இல் பிறந்தவர், கறுப்பினத்தவர். அவர் வாசித்தது ஃபிடில், நம் வயலின்தான். தாத்தா அடிமையாக இருந்தவர்; தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு, அப்பாவிடமிருந்து இவருக்கு வந்தது. சோளம் உரிக்க ஊர் கூடும் இரவுகளில் வேலை முடிந்ததும் ஆட்டம் நடக்கும். அந்த ஆட்டத்துக்கு ஃபிடிலும் பாஞ்சோவும் வேண்டும். ஜோவுக்குப் பாஞ்சோ வாசித்தவர் சொந்தக்காரரான ஓடெல் தாம்ப்சன். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அந்த ஆட்டங்கள் நின்றன. ஜோ மரச்சாமான் தொழிற்சாலையில் வேலைக்குப் போனார். ஃபிடில் மூலையில் கிடந்தது. 1970களில் இசை ஆராய்ச்சிக்காரர்கள் தேடி வந்து கேட்ட பிறகுதான் இருவரும் மறுபடி எடுத்தார்கள். 1994இல் ஓடெல் காலமானார். ஜோ தனியாக நின்றார். வீட்டிலேயே தலைமுறை தலைமுறையாக வந்த அந்தக் கறுப்பினத் தோட்டத்து வாசிப்பைக் கையில் வைத்திருந்த கடைசி ஆட்களில் அவர் ஒருவர்.

2005 ஏப்ரலில் வட கரோலினாவின் பூன் நகரத்தில், கறுப்பின மக்களையும் பாஞ்சோவையும் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. மூன்று இளசுகள் அங்கே சந்தித்துக்கொண்டார்கள்: ரியானன் கிட்டன்ஸ் என்ற பெண், டாம் ஃபிளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன். கிட்டன்ஸ் மேல்நாட்டு ஆப்பெரா சங்கீதத்தைக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர். அப்படிப்பட்டவர், மற்ற இருவரோடு சேர்ந்து, வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் மேபனுக்குக் காடி ஓட்டிக்கொண்டு போவார். ஜோவுக்கு அப்போது எண்பத்தாறு வயது. வீட்டுக் கூடத்தில் உட்காருவார்கள். பாடத்திட்டமோ பலகையோ இல்லை. பெரியவர் ஃபிடிலை எடுத்து வாசிக்க ஆரம்பிப்பார். இவர்கள் கூடவே பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். ஓடெல் போய்விட்டதால் காலியாகக் கிடந்த பாஞ்சோ இடத்தில் கிட்டன்ஸ் உட்கார்ந்தார். ஒரே பாட்டு, திரும்பத் திரும்ப. எங்கே தப்பு என்று அவர் விளக்கிக்கொண்டு இருக்க மாட்டார். அவர் கை போகிற போக்கில் உன் கையும் போக வேண்டும்.

ஜோ தாம்ப்சனுக்கு 2007இல் அமெரிக்க அரசின் தேசிய பாரம்பரியக் கலைஞர் விருது கிடைத்தது. அவரிடம் படித்த மூவரும் நடத்திய குழுவின் இசைத்தட்டு 2010இல் வெளிவந்து, 2011இல் கிராமி பரிசு வாங்கியது. பெரியவர் அதைப் பார்த்துவிட்டு 2012இல் கண்ணை மூடினார், தொண்ணூற்று மூன்று வயதில். கிட்டன்ஸ் எழுதிய 'ஒமர்' என்ற இசை நாடகத்துக்கு 2023இல் புலிட்சர் பரிசு. கூட ஒருவர் சேர்ந்து எழுதியது. செனகல் பக்கத்திலிருந்து பிடித்துவரப்பட்டுக் கரோலினாவில் அடிமையான ஓர் இஸ்லாமிய அறிஞரின் கதை அது.

அந்த மூன்று பேரும் வராமல் இருந்திருந்தால்? பத்து வருஷம் தாமதமாக வந்திருந்தால்? பெரியவர் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியிருக்கும்.

நம் ஊருக்கு வருவோம். உறுமியும் தப்பும் அடித்தவர்களை நம் சனங்களே எந்த இடத்தில் வைத்தார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியாதது இல்லை. சாமி ஊர்வலத்துக்கு மேளம் வேண்டும், அடித்தவனுக்குத் திண்ணையில் இடம் கிடையாது. அந்த வடுவோடு வளர்ந்த பிள்ளை, 'எனக்கு இது வேணாம்' என்று ஒதுங்கினால் அவனை நாம் குறை சொல்வதற்கில்லை. கடிதம் எழுதிய அம்மாவின் வீட்டுக்காரர் ஏன் பேச மாட்டேன் என்கிறார் என்பது நமக்குத் தெரியாது, ஊகிக்கவும் விரும்பவில்லை. ஆனால் இன்றைக்குத் தைப்பூசத்தில் பாருங்கள், எத்தனை இளைஞர் கூட்டம் உறுமியோடு நிற்கிறது! வெட்கப்பட்டு வைத்ததைப் பேரப்பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள்.

சரி, பையன் படிக்கப் போனால் என்ன நடக்கும்? அந்த அம்மாவும் அதைத்தான் கேட்டிருக்கிறார்: "கைப்பேசியில பார்த்தே படிக்கலாமேங்கிறாங்க, வாத்தியார் எதுக்கு?"

மரம் சீவக் கற்றவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். உளியை எப்படிப் பிடிப்பது என்று வாயால் சொல்லிவிடலாம். பட்டையில் எவ்வளவு ஆழம் போனால் பால் வரும், எதற்கு மேல் போனால் மரத்துக்குக் காயம் என்பதைச் சொல்லிப் புரிய வைக்க முடியுமா? அம்மா பின்னால் நின்று நம் மணிக்கட்டைப் பிடித்து நாலு மரம் சீவினாள். ஐந்தாவது மரம் நாமே சீவினோம். தண்டலிடம் ஏச்சும் வாங்கினோம், அது தனிக் கதை. கைப்பேசியில் வாசிக்கிறவரை உங்கள் பையன் பார்க்கலாம். அவர் உங்கள் பையனைப் பார்க்க முடியாது. அவன் மணிக்கட்டு விறைத்துக்கொண்டிருப்பதும், கட்டைவிரல் கம்பியைவிட்டுப் பறப்பதும், பதற்றத்தில் தாளத்தை ஓட்டுவதும் பக்கத்தில் இருக்கிறவர் கண்ணுக்குத்தான் படும்.

பழைய தோட்டத்துப் பாணியில் படிக்கிறவனுக்கு முதல் சில வாரம் வலது கைதான் எல்லாம். விரல்களை மங்கு பிடிக்கிற மாதிரி லேசாக வளைத்துக்கொள்ள வேண்டும். ஆட்காட்டி விரல் நகத்தால் ஒரு கம்பியை மேலிருந்து கீழே ஒரு தட்டு. அடுத்து எல்லாக் கம்பிகள் மேலும் ஒரு வருடல். அந்த வருடல் முடிகிற இடத்தில் கட்டைவிரல் குட்டைக் கம்பியிலிருந்து எழும்பும். தட்டு நீளம், வருடலும் கட்டைவிரலும் பாதிப் பாதி. நம் மேளக்காரர்கள் வாயில் சொன்னால் 'தோம் தக, தோம் தக' என்று வரும். இதையே ஒரு மாதம். குட்டைக் கம்பியின் சத்தம் மாறாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும், நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிற மாதிரி. சாதாரணமாகச் சுருதி சேர்க்கும் முறையில் இடது கையால் எதையும் அமுக்காமல் அடித்தாலே காதுக்கு இதமான ஒலி கிளம்பும். ஆரம்பக்காரனுக்குப் பாஞ்சோ காட்டுகிற கருணை அது.

மூன்று விரலால் மழை கொட்டுகிற மாதிரி வேகமாக வாசிக்கிறார்களே, பையன் கைப்பேசியில் பார்த்தது ஒருவேளை அதுவாக இருக்கலாம். அதைப் பிரபலமாக்கிய எர்ல் ஸ்க்ரக்ஸ் வெள்ளைக்காரர்தான். அவரும் வட கரோலினாவில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, நூல் ஆலையில் வேலை செய்தவர். 1945 முடிவில் பெரிய குழு ஒன்றில் சேர்ந்து பேர் வாங்கினார். இரண்டில் எது வேண்டும் என்பதைப் பையன் முதல் நாளே வாத்தியாரிடம் சொல்லிவிட வேண்டும். கைப் பழக்கம் இரண்டுக்கும் வேறு வேறு. வாத்தியாருக்குக் கித்தார்தான் நன்றாக வரும், பாஞ்சோ ஏதோ கொஞ்சம் என்றால், அதையும் கூச்சப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காசு கொடுக்கிறவர் நீங்கள். நாலு வாரம் போய்ப் பார்க்கட்டும். ஒவ்வொரு வாரமும் வீட்டில் செய்ய ஒரு வேலை கொடுத்து, அடுத்த வாரம் அதை முதலில் கேட்கிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்காமல் வாரத்துக்கு ஒரு புதுப் பாட்டை அள்ளிப் போடுகிறவரிடம் பையனை விட நமக்கு மனமில்லை.

வாத்தியத்தை முதல் நாளே வாங்கிவிடாதீர்கள். வாத்தியாரிடம் இருப்பதில் முதலில் கை வைத்துப் பார்க்கட்டும். வாங்கும்போது பிளாஸ்டிக் தோல் போட்டதாகப் பார்த்து வாங்குவது நம் ஊருக்கு நல்லது. ஆட்டுத்தோலும் கன்றுத்தோலும் ஈரக்காற்றில் தொய்ந்துபோய்ச் சத்தம் செத்துவிடும். தப்பை ஏன் நெருப்பில் காட்டுகிறோம்? அதே காரணம்.

செம்பனை வேலை செய்கிற கை. முள் குத்தும், நகம் உடையும், சாயங்காலம் விரல் மடங்காது. அப்படிப்பட்ட நாளில் வாசிக்கவே வேண்டாம். மற்ற நாளில் குளித்து, பசியாறிய பிறகு இருபது நிமிஷம் போதும். ஒரு நாள் மூன்று மணி நேரம், பிறகு ஒரு வாரம் ஒன்றுமில்லை என்பதைவிட இந்த இருபது நிமிஷம் மேல். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதல் மாதம் முணுமுணுப்பார்கள். பாஞ்சோ சத்தம் மெல்லிய சத்தம் இல்லை. தோலுக்கும் வாத்தியத்தின் முதுகுக்கும் நடுவில் ஒரு துணியைச் சுருட்டி வைத்தால் அடங்கும்.

அம்மா, இந்தப் பக்கத்தை உங்கள் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் போகட்டும், வற்புறுத்த வேண்டாம். பையன் படிக்கப் போனால், வீட்டில் அந்தத் 'தோம் தக'வைப் பழகும்போது அப்பா இருக்கிற கூடத்திலேயே உட்கார்ந்து பழகச் சொல்லுங்கள். பையன் தாளம் தப்பும்போது உறுமிக்காரர் மகன் என்ன செய்கிறார் என்று பார்த்து, அடுத்த கடிதத்தில் நமக்கு எழுதுங்கள்.